இரும்பும் தராசும்

இரும்புக்கு முகதாட்சண்யம் கிடையாது. நூறு கிலோ என்று பொறித்த இரும்பு செல்வன் கையிலும் நூறு கிலோதான். ஏழை கையிலும் நூறு கிலோதான். தூக்குபவர் ஆணா பெண்ணா, அழகுடையவரா அழகற்றவரா என்று அது கேட்பதில்லை. இந்த நேர்மையான பொருளோடு ஆண்டுக்கணக்கில் பழகிப் புகழ்பெற்ற ஒரு பெண், பின்னர் மனிதர்களின் கண்களையே தராசாகக் கொண்ட ஒரு மேடைக்கு வந்தார். அங்கே அவருக்கு நேர்ந்ததைப் பற்றியும், அதைப் படம்பிடித்துக் காட்டிய ஒரு திரைப்படத்தைப் பற்றியும் சில சொல்ல எண்ணுகிறோம்.

அப்பெண்மணியின் பெயர் பெவ் ஃபிரான்சிஸ். படம், ஜார்ஜ் பட்லர் இயக்கி 1985இல் வெளிவந்த 'பம்பிங் அயர்ன் 2: பெண்கள்' என்னும் ஆவணப்படம்.

உடலை வெளிக்காட்டும் ஒரு மேடையைப் பற்றி, குடும்பத்தார் அனைவரும் படிக்கும் இவ்விதழில் எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அந்த மேடையின் உடையை நம் மார்க்கம் ஏற்பதில்லை. அதை மழுப்பிச் சொல்லும் எண்ணமும் நமக்கில்லை. ஆனால் ஒருவர் நிற்கும் இடம் நமக்கு ஒப்பில்லை என்பதற்காக, அங்கே அவருக்கு இழைக்கப்படும் அநீதியைக் காணாதவர்போல் கடந்துபோக நமக்கு அனுமதி இல்லை. மேலும், பெண்ணின் வலிமையை எடைபோட நாம் நம் வீடுகளில் வைத்திருக்கும் படிக்கற்கள் சரியானவைதாமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளவும் இந்த வரலாறு பயன்படும்.

*

பெவ் ஃபிரான்சிஸ் 1955இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள ஜீலாங் நகரில் பிறந்தவர். உடற்பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றியவர். இளமையில் அவர் கைக்கொண்டது குண்டு எறிதல். 1977 முதல் 1982 வரை ஆஸ்திரேலியத் தடகள அணியில் இடம்பெற்றிருந்தார். அவருக்குப் பயிற்சியளித்தவர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃபல். 1954இல் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடி முடித்து உலகை வியக்கவைத்த ராஜர் பானிஸ்டருக்கு வழிகாட்டிய அதே ஆசான்தான் இவர். எறியும் கைக்கு வலுவேற்றும்பொருட்டு இரும்பைத் தூக்கத் தொடங்கிய மாணவி, இரும்பிலேயே தம் உண்மையான திறனைக் கண்டுகொண்டார்.

வலுதூக்கும் போட்டி என்பது மூன்று செயல்களால் ஆனது. தோளில் பளுவை ஏந்தி அமர்ந்து எழுவது ஒன்று. பலகையில் மல்லாந்து படுத்து மார்பிலிருந்து பளுவை மேலே தள்ளுவது மற்றொன்று. தரையில் கிடக்கும் பளுவை இடுப்பு நிமிரத் தூக்கி நிற்பது மூன்றாவது. மூன்றிலும் தூக்கிய எடையைக் கூட்டினால் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். தூக்கிய முறை சரியா தவறா என்று பார்க்க நடுவர்கள் உண்டு. ஆனால் தூக்கியவரின் தோற்றத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. இந்த விளையாட்டில் 1980 முதல் 1985 வரை ஆறு உலகப் பட்டங்களைப் பெவ் ஃபிரான்சிஸ் பெற்றார். படுத்த நிலையில் 300 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 136 கிலோவுக்கு மேல், தள்ளிய முதல் பெண் அவரே. அந்நாளில் உலகிலேயே வலிமைமிக்க பெண் என்று அவரைக் குறிப்பிட்டது வெறும் புகழுரையன்று; எண்களால் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி.

*

இத்தகையவரைத்தான் பட்லர் அமெரிக்காவுக்கு வரவழைத்துத் தம் படத்தில் நிறுத்தினார். பட்லருக்கு இத்துறை புதிதன்று. ஆண்களின் உடற்கட்டுப் போட்டியைப் பற்றி அவர் ராபர்ட் ஃபியோருடன் சேர்ந்து இயக்கிய 'பம்பிங் அயர்ன்' 1977இல் வெளிவந்தது. அப்படத்தின் நாயகன் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர். தசை திரண்ட உடலே ஏணியாக அவர் திரையுலகின் உச்சிக்கு ஏறினார்; 2003 முதல் 2011 வரை கலிஃபோர்னியா மாநிலத்தின் ஆளுநராகவும் வீற்றிருந்தார். ஆணுக்கு ஏணியாக அமைந்த அதே தசை, பெண்ணுக்கு விசாரணைக் கூண்டாக அமைந்ததே இரண்டாவது படத்தின் கதை.

பெண்களுக்கான 'மிஸ் ஒலிம்பியா' என்னும் தலையாய பட்டம் 1980இல்தான் தோன்றிற்று. அதன் முதல் வெற்றியாளர் டெக்ஸஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரேச்சல் மெக்லிஷ். நளினமும் மெலிந்த கட்டும் ஒருங்கே அமைந்த அவருடைய தோற்றமே அக்கலைக்கு இலக்கணம் என்று அமைப்பாளர் பலர் கருதினர். அவ்வேளையில்தான் பெவ் ஃபிரான்சிஸ் வந்து நின்றார். அகன்ற தோளும் திரண்ட கையுமாக அவர் நின்றபோது, உடற்கட்டு என்னும் சொல்லின் பொருளையே எல்லாரும் மீண்டும் யோசிக்க வேண்டியதாயிற்று.

படத்தின் களம் 1983இல் லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸ் என்னும் சூதாட்ட விடுதியில் நடந்த 'சீசர்ஸ் உலகக் கோப்பை'. இப்போட்டியே படத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். நிகழ்ந்ததைப் பதிவு செய்வது ஆவணப்படத்தின் இலக்கணம். பதிவு செய்வதற்காகவே ஒன்றை நிகழச் செய்வது வேறு. எனவே இப்படத்தைக் கண்ணாடி என்று கொள்ளாமல், ஒரு வாதமாகவே கொண்டு மதிப்பிட வேண்டும்.

அந்த வாதத்தின் உயிர்நாடி ஒரு காட்சியில் இருக்கிறது. போட்டிக்கு முன் நடுவர்கள் கூடி அமர்ந்திருக்கிறார்கள். பெண் பெண்ணைப்போல் தோன்ற வேண்டும், தசைக்கும் ஓர் எல்லை உண்டு என்று உலகச் சம்மேளனத்தின் தலைவர் பென் வைடர் அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார். இளைய நடுவர் ஒருவர் துணிந்து மறுக்கிறார். பனிச்சறுக்கு வீராங்கனைகளைப் பார்த்து இன்ன வேகத்துக்குமேல் போகாதீர்கள் என்று எந்தச் சங்கமாவது சொல்லுமா என்பது அவர் கேள்வியின் சாரம். அதற்கு விடை கிடைக்கவில்லை. எல்லை உண்டு என்பவர்களாலும் அந்த எல்லை எங்கே என்று கோடு கிழித்துக் காட்ட இயலவில்லை. இத்தனை அங்குலம் என்றோ, இத்தனை கிலோ என்றோ ஒருவரும் சொல்லவில்லை. பார்த்தால் தெரியும் என்பதே அவர்களின் சட்டம்.

முடிவில் கார்லா டன்லப் என்னும் கறுப்பின அமெரிக்கப் பெண்மணி முதலிடம் பெற்றார். ரேச்சல் மெக்லிஷ் மூன்றாமவர். பெவ் ஃபிரான்சிஸுக்குக் கிடைத்தது எட்டாமிடம்.

*

படத்தின் குறைநிறைகளை இனிக் காண்போம்.

நடுவர் அறையின் கதவைத் திறந்துவைத்தது பட்லர் செய்த பெருந்தொண்டு. அளப்பவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதை உலகில் எந்த நிறுவனமும் விரும்பிக் காட்டுவதில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே இப்படம் நிலைத்து நிற்கும். கார்லா டன்லப்பைத் தம் கருத்தைத் தெளிவாகப் பேசும் ஒருவராகக் காட்டியதும் பாராட்டத்தக்கது. பந்தயத்தின் நடுவே நின்றுகொண்டே பந்தயத்தின் விதியைக் கேள்வி கேட்கும் அறிவு அவரிடம் பளிச்சிடுகிறது.

ஆயினும், குறைகள் சிறியவை அல்ல. ரேச்சல் ஒரு முனை, பெவ் மறுமுனை என்று நிறுத்தி, கார்லாவை நடுப்புள்ளியாகப் படம் அமைத்துவிடுகிறது. இதனால் கார்லாவின் வெற்றி அவருடைய சொந்த உழைப்பின் கனியாகத் தோன்றாமல், ஒரு வழக்கைச் சமரசமாக முடித்துவைத்த தீர்ப்பாகத் தோன்றுகிறது. அதே 1983இல் மிஸ் ஒலிம்பியா பட்டத்தையும் வென்றவர் அவர் என்பதை எண்ணும்போது, இது அவருக்கும் இழைத்த சிறு அநீதியே.

மற்றொரு குறை இதனினும் பெரிது. பெண்ணைக் கண்ணால் அளக்கும் நடுவர்களைக் குற்றஞ்சாட்டும் படம், தன் காமிராவையும் அதே வேலைக்குத்தான் ஏவுகிறது. பயிற்சிக்கூடத்தின் குளியல் அறைவரை அது பின்தொடர்கிறது. அதற்கும் அப்பெண்களின் உழைப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சீட்டு விற்க வேண்டுமே என்ற கவலைதான் அங்கே காமிராவைப் பிடித்திருக்கிறது. 'உன் உடலைக் காட்டு' என்று அழைத்த சந்தைதான், 'உன் உடல் எனக்குப் பிடித்த அளவில் இல்லை' என்று பின்னர் துரத்தவும் செய்கிறது. இவ்விரண்டும் எதிரெதிர்க் கட்சிகள்போல் தோன்றினாலும் ஒரே கடையின் இரண்டு வாசல்களே. பட்லர் ஒரு வாசலை மட்டும் கண்டார். மற்றொரு வாசலில் தாமே நின்றிருந்ததைக் காணவில்லை.

*

படம் எட்டாமிடத்தோடு முடிந்துவிடுகிறது. பெவ் ஃபிரான்சிஸின் வரலாறோ அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

அவர் சினந்து வெளியேறவில்லை. நடுவர்கள் விரும்பும் வடிவத்துக்குத் தம்மைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ள முற்பட்டார். உலகிலேயே வலிமைமிக்க பெண், வலிமையைக் குறைத்துக்கொள்ளப் பயிற்சி செய்த விந்தையை என்னென்பது! 1986இல் மிஸ் ஒலிம்பியா போட்டியில் அவருக்குப் பத்தாமிடம். 1987இல் உலகத் தொழில்முறைப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு மிஸ் ஒலிம்பியாவில் மூன்றாமிடம்; 1988இலும் 1989இலும் மீண்டும் மூன்றாமிடம். அந்த ஆண்டுகளில் முடிசூடியிருந்தவர் 1984 முதல் 1989 வரை ஆறுமுறை தொடர்ந்து வென்ற கோரி எவர்சன். அவர் விலகியபின் 1990இல் பெவ் இரண்டாமிடத்துக்கு உயர்ந்தார். ஆனால் முதலிடம் லெண்டா மர்ரிக்குச் சென்றது. மர்ரியும் தசைவளம் மிகுந்தவரே.

காற்று திசைமாறிவிட்டது என்று பெவ் கருதியிருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டுப் போட்டிக்கு அவர் முந்தைய ஆண்டுகளைவிடப் பெரிய உடலோடு, தம் இயல்புக்கு நெருங்கிய உடலோடு வந்து நின்றார். இறுதிச் சுற்றுக்கு முன்வரை அவரே முன்னணியில் இருந்தார். இறுதிச் சுற்றில் முதலிட வாக்குகள் அனைத்தும் மர்ரிக்கே விழுந்தன. ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பட்டம் கைநழுவிற்று. அத்துடன் பெவ் ஃபிரான்சிஸ் போட்டி மேடையிலிருந்து விடைபெற்றார்.

மர்ரி தகுதியற்றவர் என்று நாம் சொல்லவில்லை. எட்டுமுறை அப்பட்டத்தை வென்ற மாபெரும் வீராங்கனை அவர். ஒரு புள்ளியில் தோற்பது எந்த விளையாட்டிலும் உள்ளதுதான். நாம் கேட்பது வேறு. அந்த ஒரு புள்ளி எதனுடைய புள்ளி? குண்டு எறிதலில் தோற்றால் எத்தனை சென்டிமீட்டரில் தோற்றோம் என்று தெரியும். அதை அடுத்த ஆண்டு உழைத்துப் பெறலாம். 1983இல் மிகை என்று தள்ளப்பட்டவரிடம், 1986இல் இன்னும் குறைக்க வேண்டும் என்று உணர்த்தப்பட்டவரிடம், 1991இல் எது குறைந்தது என்று எவரால் சொல்ல முடியும்?

அடுத்து நடந்தவை இக்கேள்விக்கு இன்னும் வலுவூட்டுகின்றன. 1992இல் பெண்மைத் தோற்றத்தை வலியுறுத்தும் வழிகாட்டு நெறிகளைச் சம்மேளனம் நடுவர்களுக்கு வகுத்தது. அவ்வாண்டு 'மிஸ் இன்டர்நேஷனல்' போட்டியில் அவையோரின் பேராதரவைப் பெற்றிருந்த பவுலா பர்க்கம்ஷா எட்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். வழக்கமாகப் பத்துப் பேரை மேடைக்கு அழைப்பார்கள். அன்று ஆறுபேரை மட்டுமே அழைத்தார்கள். அரங்கமே கொந்தளித்தது. பிறகு அந்நெறிகள் திருத்தப்பட்டன. தசை மீண்டும் பெருகிற்று. 2004 டிசம்பரில், பெண் போட்டியாளர்கள் தசைத் திரட்சியை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மற்றொரு சுற்றறிக்கை வந்தது. அவ்வாண்டு முதன்முறையாக மிஸ் ஒலிம்பியா பட்டம் வென்ற ஐரிஸ் கைல், பின்னர் 2006 முதல் 2014 வரை இடைவிடாமல் வென்று, பத்துமுறை அப்பட்டத்தைப் பெற்றார். வேறெந்தப் பெண்ணும் எட்டாத எண்ணிக்கை அது. அவர் பத்தாவது முறை வென்ற 2014ஆம் ஆண்டோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள். 2020இல்தான் அது மறுபடி உயிர்பெற்றது.

சந்தையில் ஒரு வணிகன் காலையில் ஒரு படிக்கல்லும் மாலையில் ஒரு படிக்கல்லும் வைத்திருந்தால் அவனை நாம் என்னவென்று அழைப்போம்? அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருப்பதை வாசகர் அறிவர். 'அல்ஹதீத்', அதாவது 'இரும்பு' என்று பெயர் தாங்கிய 57ஆம் அத்தியாயத்தின் 25ஆம் வசனத்தில், நீதி நிலைப்பதற்கான தராசும் இரும்பும் அடுத்தடுத்துப் பேசப்படுவதையும் அறிவர். இரும்பு தன் பங்குக்குப் பெவ் ஃபிரான்சிஸுக்கு நீதி செய்தது. தராசு பிடித்தவர்கள்தாம் செய்யத் தவறினார்கள்.

*

அளவுகோல் நேர்மையாக இருந்தால் நம் பெண்களுக்கும் அங்கே இடமுண்டு என்பதற்கு ஒரு சான்று கூறலாம். பாகிஸ்தானிய வழிவந்த அமெரிக்கப் பெண்மணி குல்சூம் அப்துல்லா கணினிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பளுதூக்குபவர். கையையும் காலையும் தலையையும் மறைத்த உடையோடு போட்டியிட 2010இல் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பளுவைத் தூக்கும்போது முழங்கையும் முழங்காலும் நிமிர்ந்து நிலைத்தனவா என்று நடுவர் காண வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். கவனியுங்கள்: இது தோற்றத்தைப் பற்றிய தடையன்று, அளவையைப் பற்றிய ஐயம். ஆதலால் அதற்கு விடை காண முடிந்தது. உடலோடு ஒட்டிய முழுநீள ஆடையை உள்ளே அணிந்தால் மூட்டின் நிலை தெரியும், உடலும் மறையும் என்று விளங்கியதும், 2011இல் சர்வதேசப் பளுதூக்கும் சம்மேளனம் விதியைத் திருத்திற்று. அவ்வாண்டே பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் பாகிஸ்தானின் சார்பாக அவர் பங்கேற்றார்.

நமக்கு அண்டையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்து மஜிஸியா பானு, ஹிஜாப் அணிந்தபடியே வலுதூக்கும் போட்டிகளில் வென்றவர். 2018இல் கொச்சியில் நடந்த உடற்கட்டுப் போட்டியிலும் ஹிஜாபுடன் மேடையேறிப் பெண்கள் பிரிவில் முதலிடம் பெற்றார். வலிமையும் நாணமும் ஒரே உடலில் குடியிருக்கமாட்டா என்று எண்ணுவோர் இவர்களைப் பார்த்துத் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

உண்மையில் இதற்கு நாம் அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. உஹதுப் போர்க்களத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சூழ்ந்து நின்று வாளேந்திக் காத்த சிலருள் உம்மு உமாரா நுஸைபா (ரலி) அவர்களும் ஒருவர். அவர்கள் உடலெங்கும் காயம். தோளில் விழுந்த வெட்டு மிக ஆழமானது. அந்தத் தோள் ஒரு பெண்ணுக்கு உரிய அளவைவிட அகன்றதா என்று அக்களத்தில் எவரும் கேட்டதாக வரலாறு இல்லை. அவர்கள் எதைக் காத்து நின்றார்கள் என்பதே கேள்வியாக இருந்தது.

இதைச் சொல்லிவிட்டு நம் மொழியையும் ஒருகணம் திரும்பிப் பார்ப்போம். ஆண்களின் உடற்கட்டுப் போட்டிக்குத் தமிழில் நாம் வைத்த பெயர் 'ஆணழகன் போட்டி'. தசை திரண்டால் ஆணுக்கு அது அழகு என்று மொழியே தீர்ப்பளித்துவிட்டது. 'பெண்ணழகி' என்று ஒரு போட்டியை அறிவித்தால் நம் மனக்கண்முன் தசை வருமா? லாஸ் வேகாஸ் நடுவர்களைக் குறைசொல்லும் நாமும் அதே பலகையில்தான் அமர்ந்திருக்கிறோம். உலக்கை பிடித்து மாவிடித்த கையையும், குடம் சுமந்த இடுப்பையும் நாம் குறை சொன்னதில்லை. அந்த வலிமை நமக்கு உழைத்தது. அதே வலிமைக்கு ஒரு மகள் பள்ளி மைதானத்தில் பரிசு வாங்கி வரும்போதுதான், 'ஆம்பிளைப் பிள்ளைபோல் இருக்கிறாளே, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்' என்ற பேச்சு கூடத்தில் எழுகிறது.

உடல் இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்பது நம் நம்பிக்கை. அமானிதத்தை அங்காடியில் காட்சிக்கு வைப்பது முறையன்று. இத்துறையில் பெருகிவிட்ட மருந்துகளை ஏற்றி அதை வருத்துவதும் முறையன்று. அதேபோல், ஒப்படைக்கப்பட்ட வலிமையைப் பிறர் கண்ணுக்கு அஞ்சிக் குன்றவைப்பதும் முறையாகாது. முன்னிரண்டைப் பற்றி நம் மேடைகளில் நிறையவே பேசிவிட்டோம். மூன்றாவதைப் பற்றிப் பேசியது குறைவு.

பெவ் ஃபிரான்சிஸ் பின்னர் தம் கணவருடன் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உடற்பயிற்சிக்கூடம் நடத்தினார். 2000ஆம் ஆண்டில், சம்மேளனம் தன் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. எட்டாமிடம் தந்தவர்கள் பதினேழு ஆண்டு கழித்து அளித்த மரியாதை அது. மிஸ் ஒலிம்பியா பட்டம் அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை. ஆனால் அவர் தூக்கிய எடை, தூக்கிய நாளில் எழுதப்பட்டபடியே ஏட்டில் இருக்கிறது. அதை எந்தச் சுற்றறிக்கையாலும் 20 சதவீதம் குறைக்க இயலாது.

அடுத்தமுறை நம் வீட்டுப் பெண்பிள்ளை பள்ளி விளையாட்டு விழாவில் வாங்கிய கிண்ணத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது, அவள் தோளைப் பார்ப்பதற்குமுன், எவ்வளவு தூரம் எறிந்தாய் என்று கேட்போம்.